‘ஏற்பு’ வேண்டாம், ‘இடமளிப்பு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

இழப்புத் துயர் பற்றி நாம் தமிழில் எழுதும் துண்டறிக்கையில், Acceptance and Commitment Therapy என்ற உளவியல் சிகிச்சைக்கு ‘ஏற்பு மற்றும் அர்ப்பணிப்புச் சிகிச்சை’ என்று போடலாம் என மன்னார்குடி நண்பர் எழுதியிருந்தார். அகராதிப்படி சரிதான். ஆனால் அந்த ‘ஏற்பு’ எங்கள் வீட்டில் என்ன பாடுபட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். பெரியப்பா தவறி மூன்று வருஷமாகிறது. அவருடைய டிவிஎஸ் ஃபிஃப்டி இன்னும் திண்ணையோரம் நிற்கிறது. பெரியம்மா தினமும் காலையில் அதைத் துடைக்கிறார், யாரையும் தொட விடமாட்டார். பெரியப்பா மயங்கி விழுந்த வயல் பக்கம் மட்டும் போவதே இல்லை. துண்டறிக்கை வரைவைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘இழப்பை ஏற்றுக்கொள்ளுதல்’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். “அவரு போனத ஏத்துக்கணுமா? எம் மனசு ஒப்பலடா.”

சிகிச்சை அதைக் கேட்கவே இல்லை. 1980களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் உருவாக்கத் தொடங்கிய இந்த முறை, சாவுக்குச் சம்மதம் சொல்லச் சொல்வதில்லை. நெஞ்சை அடைக்கும் ஏக்கம் வந்தால் அதை விரட்டாமல், அதற்குப் பயந்து வயலை ஒதுக்காமல் இருக்கப் பழக்குகிறது. அதனால்தான் ‘இடமளிப்பு’ என்கிறேன். முதலில் ‘இடங்கொடுத்தல்’ என்றுதான் நினைத்தேன். மடத்தைப் பிடுங்குகிற பழமொழி குறுக்கே வந்தது. ‘தாங்கல்’ மனத்தாங்கலாகிவிடும்.

‘அர்ப்பணிப்பு’ என்றால் எதையோ காணிக்கை கொடுப்பதுபோல் இருக்கிறது. இங்கே கேட்பது, தனக்கு முக்கியமானதை அழுகை வந்த நாளிலும் விடாமல் செய்வது, இடையில் விட்டுப்போனால் மறுபடி எடுப்பது. விரதத்துக்குச் சொல்கிறோமே, ‘கடைப்பிடிப்பு’, அது பொருந்தும். இடமளிப்பு–கடைப்பிடிப்புச் சிகிச்சை.

இழப்புக்குப் பின் நெடுநாள் நீடித்து முடக்கும் துயருக்கு (prolonged grief disorder) ‘ஆறாத்துயர்’ என்ற பரிந்துரை அழகுதான். ஆனால் ஆற்றுப்படுத்த வந்தவரிடம் ஆறாது என்று பெயரிலேயே சொல்லலாமா? ‘நீள்துயர்’ போதும். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு (11ஆம் பதிப்பு, 2022 முதல் நடைமுறையில்) துயர் குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும் என்கிறது; அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கையேட்டின் 2022 திருத்தம் பெரியவர்களுக்கு 12 மாதம். நம் பக்கம் தலைத்திவசம் வரை வீட்டில் பண்டிகை கிடையாது, அந்த வருஷத் துக்கத்தை யாரும் நோய் என்று எண்ணிவிடக் கூடாது. சமூக வழக்கத்தையும் மீறி நீண்டு, அன்றாடத்தையே முடக்கினால்தான் கணக்கு என்று வகைப்பாடும் சொல்கிறது. துண்டறிக்கையில் இந்த வரி கட்டாயம் வேண்டும்.

இந்தச் சிகிச்சையில் வரும், எண்ணத்தை வெறும் எண்ணமாகப் பார்க்கும் பயிற்சிக்குக் கலைச்சொல்லே தேட வேண்டாம் என்று தோன்றுகிறது. நம் பேச்சிலேயே அது இருக்கிறது. “நான்தான் அவர வெயில்ல அனுப்பிக் கொன்னுட்டேன்” என்பார் பெரியம்மா எப்போதும். போன வாரம் வண்டியைத் துடைத்துக்கொண்டே, “நான்தான் கொன்னுட்டேன்னு தோணிக்கிட்டே இருக்குடா” என்றார். அந்த ‘ன்னு தோணுது’வை அப்படியே போட்டுவிடலாமா?