ஐசோட்ரெட்டினோயின் எடுப்பவர்கள் உதட்டு வெடிப்புக்கு என்ன தடவுகிறீர்கள்?

வணக்கம். முகப்பருவுக்குத் தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஐசோட்ரெட்டினோயின் 20 மி.கி. தினமும் இரவுச் சாப்பாட்டோடு எடுத்து வருகிறேன். பரு நன்றாக அடங்கிவிட்டது, அதில் குறையே இல்லை. எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கித்தான் இந்த மருந்து வேலை செய்கிறது, அதனால் வறட்சி வரும் என்று மருத்துவர் முன்பே சொன்னார். சரி, ஆனால் இந்த அளவுக்கா?

உதடுதான் பெரும் தொல்லை. வாயின் இரண்டு ஓரமும் வெடித்து, கொட்டாவி விட்டால் ரத்தம் கசிகிறது. ரசம் சாதம்கூட எரிகிறது. வாசலின் தடவினால் ஒரு டீ குடிப்பதற்குள் காணாமல் போகிறது. மூக்கோரம் தவிடு மாதிரி உரிகிறது. அலுவலக ஏசியில் இன்னும் மோசம்.

வாசனை சேர்க்காத, செராமைடு (தோலின் ஈரம் போகாமல் காக்கும் கொழுப்பு) உள்ள மாய்ஸ்சரைசரை முகம் கழுவிய ஈரத்திலேயே பூசுகிறேன். கன்னத்துக்கு அது போதுகிறது. அத்தை தேங்காய் எண்ணெய்தான் மருந்து என்கிறார். பரு உள்ள முகத்தில் அது துளைகளை அடைக்கலாம் என்று அவருக்குப் புரியவைப்பது தனிக் கதை.

உதட்டுக்கு லானோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு) களிம்பு பயன்படுத்தியவர்கள் உண்டா? இரவு முழுக்க நிற்கிறதா? அப்புறம், உரிந்த தோலில் எரியாத சன்ஸ்கிரீன் ஏதாவது? ஜிங்க் ஆக்சைடு வகை பரவாயில்லை என்கிறார்கள், நம்ம ஊர் வியர்வைக்குத் தாங்குமா?

மருந்தின் அளவைப் பற்றி அடுத்த ரத்தப் பரிசோதனையின்போது மருத்துவரிடமே கேட்டுக்கொள்வேன். வைட்டமின் ஏ மாத்திரை மட்டும் யாரும் சொல்லாதீர்கள், இந்த மருந்தோடு அது கூடவே கூடாது.