மழை பிடித்தால் மாமியாரின் காது மெஷின் நின்றுபோகிறது, புதுசு வாங்கத்தான் வேண்டுமா?

ரங்கூன் மருமகள்:
யாங்கோனில் இருக்கிறோம். மாமியாருக்கு 73 வயது. காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின், காதை அச்செடுத்துச் செய்த மோல்டோடு வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வெயில் காலத்தில் ஒரு குறையும் இல்லை. மே மாதம் மழை பிடித்ததிலிருந்து காலையில் நன்றாகக் கேட்கிறது, மத்தியானத்துக்குள் சத்தம் அமுங்கி அப்புறம் சுத்தமாக நின்றுவிடுகிறது, இரண்டு மணி நேரம் கழற்றி வைத்தால் தானாகவே உயிர் வருகிறது. ராத்திரி ஈரம் படக்கூடாதே என்று பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைக்கிறேன். யாரோ சொன்னார்கள் என்று ஒரு நாள் அரிசி டின்னுக்குள்ளும் புதைத்துப் பார்த்தேன். கடையில் காட்டினால் பிரித்துக்கூடப் பார்க்காமல் புதுசு வாங்குங்கள் என்கிறார்கள்.

மோல்மேன்காரன்:
அக்கா, அவசரப்படாதீர்கள். நானே ஒன்பது வருடமாக மெஷின் மாட்டுகிறவன், எங்கள் ஊர் மழைக்கு முன்னால் யாங்கோன் மழையெல்லாம் தூறல். கழற்றி வைத்தால் உயிர் வருகிறது என்றால் பெரும்பாலும் ஈரம்தான். அடுத்த தடவை நின்றதும், மோல்டிலிருந்து மெஷினுக்குப் போகிற டியூபை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், வளைவில் கடுகளவு ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும். காதுக்குள் இருக்கிற சூடான ஈரக்காற்று டியூபுக்குள் வந்து ஆறித் தண்ணீராகிவிடுகிறது, சத்தத்தை அடைக்க அந்த ஒரு சொட்டு போதும். டியூபை, காதுமேல் மாட்டுகிற கொக்கியிலிருந்து மெதுவாக உருவி, குழந்தைக்குச் சளி உறிஞ்சுகிற ரப்பர் பல்பு புதுசாக ஒன்று வாங்கி அதனால் காற்றடியுங்கள். வாயால் ஊதாதீர்கள், மூச்சிலும் ஈரம்தானே. உருவின கையோடு மோல்டை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொள்ளலாம், ஆனால் மெஷின் மேல் தண்ணீர் படவே கூடாது. டியூப் மஞ்சளாகி விறைத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஒன்றரை வருடமாக அதே டியூப் என்றால் மாற்றுகிற காலம் எப்போதோ தாண்டிவிட்டது.

அந்த பிளாஸ்டிக் பைதான் பெரிய தப்பு. பகலெல்லாம் உள்ளே சேர்ந்த ஈரத்தை வெளியே விடாமல் கட்டிவைக்கிறீர்கள். மூடி இறுகின டப்பாவில் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிகா முத்து போட்டு, பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பேட்டரிக் கதவு திறந்தபடி மெஷினை மட்டும் உள்ளே வையுங்கள்.

பெகு பேரன்:
அரிசியும் வேண்டாம் அக்கா, அந்தத் தூசி மைக் துளையில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஆச்சி விஷயத்தில் வில்லன் தனாக்கா, இங்கே முகத்துக்குப் பூசுகிற மரப்பட்டைக் குழைவு. கன்னத்தில் குழைத்துப் பூசின கையோடு மெஷினை எடுத்து மாட்டுவார், அது காய்ந்து பொடியாகி மைக்கை மூடிவிடும். நாங்கள் மாதக்கணக்கில் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்! இப்போது தலைக்கு எண்ணெய், முகத்துக்குத் தனாக்கா எல்லாம் முடிந்து, கையைத் துடைத்த பிறகுதான் மெஷின்.

பேட்டரி பற்றியும் ஒன்று. ஸ்டிக்கர் ஒட்டி வருகிறதே, அது காற்றை இழுத்து வேலை செய்கிற துத்தநாக பேட்டரி. ஸ்டிக்கரை உரித்ததும் போடாமல் ஐந்து நிமிடம் வெளியே வைத்துப் போடுங்கள். திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், உரித்த பிறகு அது தீர ஆரம்பித்துவிடும். பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் தீர்ந்த பேட்டரியும் ஆபத்துதான், ஒன்றை விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ரங்கூன் மருமகள்:
சொட்டு இருந்தது! வளைவில், சொன்ன இடத்திலேயே. மூன்று நாளாக ஒழுங்காகக் கேட்கிறது. தனாக்காவை மட்டும் மாமியார் விடமாட்டேன் என்கிறார், சரி, அது தனிச் சண்டை. கரண்டில் ஓடுகிற உலர்த்திப் பெட்டி வாங்கலாமா? இங்கே கரண்ட் வருகிற லட்சணம் உங்களுக்கே தெரியும். சிலிகா முத்தும் அதற்குள் நீலம் போய் ரோஸ் ஆகிவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதானா?

மோல்மேன்காரன்:
கரண்டை நம்பிப் பெட்டி வாங்காதீர்கள் அக்கா, முத்தே போதும். ரோஸ் ஆனால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், தூக்கிப் போட வேண்டாம். சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில், ஜன்னலைத் திறந்துவைத்து, தணல் குறைவாக வைத்து மெதுவாகக் கிளறுங்கள். நீலம் திரும்பினதும் இறக்கி, நன்றாக ஆறின பிறகு டப்பாவில் போடுங்கள். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் மெஷினைக் கொண்டுபோகாதீர்கள், வெயிலிலும் காயப்போடாதீர்கள். என் முதல் மெஷினை மொட்டை மாடியில் காயவைத்து, மெஷினின் மேலோடு வளைந்து பேட்டரிக் கதவு மூடவே இல்லை, ஒரு வருடம் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டிக்கொண்டு திரிந்தேன்.