டர்போ போட்டிக்கு ‘விரைவேற்றப் போட்டி’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

போக்கர் சீட்டாட்டச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் இரண்டு முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. ‘டர்போ’ என்பது போட்டியில் வேகமான வகை, ‘பிளைண்ட்’ என்பது சீட்டு வருமுன்பே கட்டாயமாக வைக்கும் காசு.

> ‘டர்போ’வுக்கு ‘மின்னல் போட்டி’ போதுமே. சதுரங்கத்தில் ஏற்கெனவே புழங்குகிறது. – மன்னார்குடி ஐயா

> ‘பிளைண்ட்’: ‘குருட்டுப் பந்தயம்’. – கும்பகோணம் தம்பி

இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. இந்த இரண்டு சொல்லும் தப்பாக அமைந்தால், புதிதாகக் கற்பவர் ஆட்டத்தையே தப்பாகப் பிடித்துக்கொள்வார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மின்னலை முதலில் பார்ப்போம். மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் இளவயதில் காய் நகர்த்திய வேகத்தை அறிந்தவர்களுக்கு, ‘மின்னல்’ என்றதும் கடிகாரம்தான் கண்முன் வரும். மின்னல் சதுரங்கத்தில் சுருங்குவது யோசிக்கிற நேரம். டர்போவில் ஆளை நெருக்குவது வேறு. கட்டாயமாக வைக்க வேண்டிய காசு மளமளவென்று ஏறிக்கொண்டே போகும். லாஸ் வேகாசில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் ஒரு நிலை, அதாவது அந்தக் காசு ஏறாமல் இருக்கும் நேரம், 2 மணி நேரம் ஓடும். இணைய டர்போவில் 5 நிமிடம் என்பது சாதாரணம். ஹைப்பர் டர்போ அதற்கும் குறைவு. நிதானமாகத்தான் யோசிப்பீர்கள், ஆனால் நல்ல சீட்டு வரும்வரை காத்திருக்க வழி இருக்காது. எது விரைவாக ஏறுகிறதோ அதைப் பெயரிலேயே சொல்லிவிடுவோம்: ‘விரைவேற்றப் போட்டி’.

அடுத்து ‘குருட்டுப் பந்தயம்’. நம் ஊர் மூணு சீட்டில் ஒருவன் ‘பிளைண்ட்’ ஆடினால் அது அவன் துணிச்சல். வேண்டாமென்றால் சீட்டைப் பார்த்துக்கொள்ளலாம். போக்கரில் அந்த விருப்பத்துக்கு இடமில்லை. சீட்டுப் போடுகிறவருக்கு அடுத்த இரண்டு பேர், சீட்டு வருமுன்பே ஒருவர் சின்னதும் மற்றவர் பெரியதுமாக வைத்தாக வேண்டும். அடுத்த ஆட்டத்தில் அந்தப் பொறுப்பு ஓர் இடம் நகரும். ‘குருட்டு’ என்று பெயர் வைத்தால் இந்தக் கட்டாயமும் தெரியாது, சுற்றி வருவதும் தெரியாது.

நான் சொல்வது ‘முறைக்காசு’. டெல்டாக்காரர்களுக்கு முறை என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தான் விடுவார்கள். காதுகுத்து என்றால் தாய்மாமன் முறை செய்தாக வேண்டும். முதலாவதில் வரிசை இருக்கிறது, இரண்டாவதில் தட்ட முடியாத கடமை இருக்கிறது. பிளைண்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ‘சின்ன முறை’, ‘பெரிய முறை’ என்று ஆடும்போது வாயிலும் எளிதாக வரும்.

இனி மூன்றாவது சொல். விரைவேற்றப் போட்டியில் ஒருவர் எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. கையிலிருக்கும் மொத்தக் காசை, முறை எல்லாரையும் சுற்றி வரும் ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் கட்டாயக் காசால் வகுத்தால் அது வரும். ஒரு சீட்டும் ஆடாமல் எத்தனை சுற்று உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான் அதன் பொருள். பால் மேக்ரியல் என்ற ஆட்டக்காரரின் பெயரை வைத்து ஆங்கிலத்தில் அதை ‘எம்’ என்கிறார்கள். 1995இல் முதன்மைப் போட்டியை வென்ற டான் ஹாரிங்டன் அதைப் பரவலாக்கினார். ஒற்றை எழுத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்து பயனில்லை. ‘தாங்குசுற்று’ என்போம். ‘ஊறுகாய்’ போல வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. ‘தாங்குச்சுற்று’ என்று எழுதிவிட வேண்டாம்.

திருவையாற்றில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையை வைத்துத்தான் இதைச் சொல்லித் தருகிறேன். ஆறு பேர், ஆளுக்கு 60 கொட்டை. சின்ன முறை 1, பெரிய முறை 2. ஒவ்வொரு சுற்றுக்கும் இரட்டிப்பு. அக்கா மகன் ஏஸும் கிங்கும் வரட்டும் என்று எல்லாச் சீட்டையும் கவிழ்த்து, அந்தந்த ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டே இருந்தான். முதல் சுற்றில் 3 போயிற்று, அப்புறம் 6, 12, 24. நான்கு சுற்றில் 45 கொட்டை காலி. மிச்சம் 15. ஐந்தாம் சுற்றின் சின்ன முறையே 16! ஒரு ஆட்டம்கூட ஆடித் தோற்காமல் பிள்ளை வெளியே போகிற நிலைமை.

அவன் எங்கே விழித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதைத் தாங்குசுற்று காட்டிவிடும். தொடக்கத்தில் 60ஐ 3ஆல் வகுத்தால் 20. இரண்டாம் சுற்றில் 57ஐ 6ஆல் வகுத்தால் ஒன்பதரை. மூன்றாம் சுற்றில் 51ஐ 12ஆல் வகுத்தால் நாலேகால்தான். 20க்கு மேல் பச்சை என்று தொடங்கும் ஹாரிங்டனின் கணக்கில் 5க்குக் கீழே சிவப்பு. அங்கே வந்தபின் நடுவாந்தரமாக ஆடக் கூடாது. 51இல் 16ஐ வைத்துப் பந்தயத்தை ஏற்றிவிட்டு, எதிராளி திருப்பி ஏற்றியதும் கவிழ்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒன்று கவிழ்க்க வேண்டும், இல்லை மொத்தத்தையும் வைக்க வேண்டும். அதற்கு ‘முழுவைப்பு’ என்பது என் பரிந்துரை. ‘ஆல் இன்’ என்றே எழுதினாலும் குறையில்லை.

முதல் ஆளாக முழுவைப்பு வைப்பவருக்கு ஜெயிக்க இரண்டு வழி. மற்றவர்கள் எல்லாரும் கவிழ்த்தால் 12 கொட்டை சும்மா வரும், 51க்கு அது கால் பங்குக்குக் கிட்ட. யாராவது அதே அளவு வைத்து ஒத்துக்கொண்டாலும் சீட்டில் ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறது. ஏஸ்-கிங்குக்கு எதிரே 7-2கூட ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை ஜெயிக்கும். ஒத்துக்கொள்பவருக்கோ சீட்டு ஒன்றுதான் வழி. அதனால் வைப்பதற்குச் சுமாரான சீட்டு போதும், ஒத்துக்கொள்ள அதைவிட நல்ல சீட்டு வேண்டும். மற்றவர்கள் கவிழ்ப்பதால் வரும் இந்த லாபத்துக்குக் ‘கவிழ்ப்பாதாயம்’ என்று பெயர் வைக்கலாம். 51 கொட்டையிடம் அது இருக்கிறது. 15 கொட்டையைப் பார்த்து யாரும் கவிழ்க்க மாட்டார்கள். அதனால்தான் மூன்றாம் சுற்றிலேயே துணிய வேண்டும் என்கிறேன்.

அன்புடன்,
திருவையாற்றிலிருந்து

> தம்பி, ‘முறை’ என்றால் ‘விதம்’ என்றும் பொருளாயிற்றே, குழப்பாதா? சீட்டுப் போடுகிறவரின் ‘பட்டன்’ இடத்துக்குக் ‘கடைமடை’ பொருந்துமா? கடைசியில் பேசுகிற இடம்தானே. இன்னொன்று, சூதுக்கு நாம் ஏன் சொல் தேட வேண்டும்? – மன்னார்குடி ஐயா

ஐயா, ‘முறைக்காசு’ என்று முழுதாக எழுதினால் குழப்பம் வராது. ‘சின்ன முறை’ என்று சுருக்குவது ஆட்டத்துக்கு நடுவில் மட்டும் போதும்.

கடைமடை வேண்டாம் ஐயா. கடைமடை என்றால் தண்ணீர் வந்து சேராத இடம், வேதாரண்யம் பக்கத்து விவசாயியின் கவலை. பட்டன் அதற்கு நேரெதிர். மற்றவர்கள் செய்வதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிற சுகமான இடம் அது. எல்லாரும் கவிழ்த்தபின் அங்கிருந்து முழுவைப்பு வைத்தால் எதிரே இருவர்தான் மிச்சம். அதனால் சுமாரான சீட்டுக்கும் துணியலாம். ‘கடைக்கை’ என்று வைத்தால் அந்த வருத்தம் ஒட்டாது.

சூது பற்றிய உங்கள் கவலை எனக்கும் உண்டு. பணம் வைத்து இணையத்தில் ஆடித் தோற்ற குடும்பங்களை இங்கேயே பார்க்கிறோம். 2022இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கே தடைச் சட்டம் நிறைவேற்றியது. எனக்கு வேண்டியது இதிலுள்ள நிகழ்தகவுக் கணக்கு. அதைப் புளியங்கொட்டையிலேயே முழுசாகச் சொல்லித் தரலாம், ஆனால் சொல்லித் தரத் தமிழில் சொல் வேண்டும்.

‘ஆண்டி’ (ante) ஒன்று பாக்கி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எல்லாரும் சமமாக வைப்பது. பேராவூரணி நண்பர் ‘மொய்’ என்றார். மொய் திரும்பி வரும், இது வராது. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்களே, அதிலிருந்து ‘தலைக்காசு’ எடுக்கலாம் என்று நினைக்கிறேன். தாங்குசுற்றுக்கு வகுக்கும்போது தலைக்காசையும் சேர்த்துத்தான் வகுக்க வேண்டும். நண்பர் மறுத்தால் அவர் காரணத்தையும் இங்கேயே எழுதட்டும்.