அர்மீடில் அந்தப் பாசகாய்

பதினேழாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் லுல்லியின் 'அர்மீட்' ஓபராவைப் பாரீஸில் முதல்முறை பார்த்தபோது எனக்குப் பொறுமையே போய்விட்டது. கதை சூடுபிடிக்கிற நேரத்தில் ஆடுகிறவர்கள் மேடையை எடுத்துக்கொள்வார்கள். அங்கத்துக்கு ஒருமுறை இப்படி ஆட்டமும் கோரஸும் வருவது அந்தக் காலப் பிரெஞ்சு ஓபராவின் வழக்கம். திவெர்திஸ்மான் என்பார்கள். கதைக்கு நடுவே விடுகிற இளைப்பாறல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஐந்தாம் அங்கத்தில் அந்த நினைப்பு மாறியது. எதிரிப்படை வீரன் ரெனோவை மந்திரத்தால் மயக்கி வைத்திருக்கிறாள் அர்மீட். ஆனாலும் மனசுக்குள் பயம். பாதாள சக்திகளிடம் கேட்டுவரக் கிளம்புகிறாள். திரும்பி வரும்வரை அவனை மகிழ்விக்கும்படி 'இன்பங்கள்' என்ற கூட்டத்திடம் விட்டுப் போகிறாள். அப்போது பாசகாய் தொடங்குகிறது. ஒரே அடிக்குரல் வரி திரும்பத் திரும்ப வர, அதன்மேல் கட்டுகிற ஆட்ட இசை அது. அடிக்குரலில் நான்கே சுரங்கள் படிப்படியாக இறங்குகின்றன, மறுபடியும் அதே நான்கு. ஆட்டம் பாட்டாகிறது, கோரஸாகிறது, திரும்ப ஆட்டமாகிறது. நானும் அந்தச் சுழலுக்குள் போய்விட்டேன். அவன் மயங்கிக் கிடக்கிறான் என்று அதுவரை பாட்டில் கேட்டதை அங்கேதான் உணர்ந்தேன்.

அவளில்லாமல் எதுவும் இனிக்கவில்லை என்று ரெனோ எல்லாரையும் போகச் சொல்கிறான். அவர்கள் விலகியதும் தோழர்கள் வைரக் கேடயத்தோடு வந்து நிற்கிறார்கள். அதில் தன் கோலத்தைப் பார்த்ததும் மயக்கம் கலைந்துவிடுகிறது. அந்த ஆட்டத்தை வெட்டிவிட்டால் ரெனோ எதை இழக்கிறான் என்றே நமக்குத் தெரியாமல் போகும்.

அப்புறம் அந்தக் காலத்து ஆட்டங்களைக் கற்றுத்தரும் ஒரு பரோக் நடனப் பட்டறையில் சேர்ந்தேன். சின்ன வயதில் பரதம் கற்றதால் தாளம் விழும்போது என் பாதம் தானாகத் தரையைத் தட்டப் பார்க்கும். இங்கே தாளத்துக்குச் சற்று முன்பே முழங்காலை மடித்து, தாளம் விழும்போது உடம்பு எழ வேண்டும். மினுவெட் என்ற ஆட்டத்தின் ஓர் அடவில் ஆறு எண்ணிக்கைக்கு நான்கே காலடிகள். அது பிடிபடவே எனக்குப் பல நாள் ஆனது.

இந்த நடனங்களை எழுதிவைக்கும் முறையை ஃபொய்யே என்ற பிரெஞ்சு நடன ஆசிரியர் 1700-இல் நூலாக வெளியிட்டார். தாளின் மேலே மெட்டு, கீழே ஆடுகிறவர் நகரும் பாதை ஒரு கோடாக, அதன் இருபுறமும் காலடிக் குறிகள். இப்படி எழுதிய நடனங்கள் 300-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. அர்மீட் 1686-இல் மேடையேறியது. அதே பாசகாய்க்குப் பெக்கூர் என்ற நடன அமைப்பாளர் பின்னாளில் அமைத்து, சுப்லின்யி என்ற நடனக்காரி ஆடிய தனி நடனமும் அவற்றில் இருக்கிறது. அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தமுறை அர்மீட் பார்க்கப் போனபோது மாடியில் இருக்கை வாங்கினேன். ஆடுகிறவர்கள் தரையில் போடும் கோடு அங்கிருந்து முழுசாகத் தெரிந்தது.