குடும்பக் குழுவில் ட்ரூஸ் மக்கள் பற்றி

முரளி: ↪ ஃபார்வர்டு: "ட்ரூஸ், தராஸி என்பவர் நிறுவிய மதம். யாரும் சேரலாம். எல்லாரும் இஸ்ரேல் பக்கம்."
பெரியப்பா, இது சரியா?

பெரியப்பா: மூணுமே தப்புடா. ட்ரூஸ்னா லெபனான், சிரியா, இஸ்ரேல்ல வாழற சின்ன மதச் சமூகம். அவங்க மதம் 1017-ல கெய்ரோவில, எகிப்தை ஆண்ட ஃபாத்திமியக் கலீஃபா அல்-ஹாக்கிம் காலத்துல வெளிப்படையா பரவ ஆரம்பிச்சது. கொள்கையை வகுத்தவர் ஹம்ஸா இப்னு அலி. தராஸி அவருக்குப் போட்டியா கிளம்பினவர், அவங்க வேதமே அவரைக் கண்டிக்குது. வெளியாட்கள் அவர் பேரையே 'ட்ரூஸ்'னு ஒட்ட வெச்சுட்டாங்க. அவங்க தங்களைச் சொல்லிக்கறது முவஹ்ஹிதூன், அதாவது ஓரிறைக் கொள்கையினர்.

மீனா அத்தை: சேரவும் முடியாது. 1043-லயே கதவை மூடிட்டாங்க. அப்பா, அம்மா ரெண்டு பேரும் ட்ரூஸா இருக்கணும். வெளியில கல்யாணம் பண்ணினா ஷேக்குகள் நடத்தி வைக்க மாட்டாங்க.

கயல்: அப்போ முஸ்லிமா, இல்லையா?

பெரியப்பா: இஸ்லாத்தோட ஷியா பிரிவுல ஒரு கிளையான இஸ்மாயிலியிலிருந்து பிரிஞ்சு வந்தது கயல். ஆனா ரமலான் நோன்பு, ஹஜ் கடமையில்ல. மறுபிறவியை நம்பறாங்க, உயிர் உடனே இன்னொரு மனுஷ உடம்புக்குப் போயிடும். லெபனான்ல நாடாளுமன்றத்தின் 128 இடங்கள்ல 8 அவங்களுக்கு, அங்க இடங்கள் கிறிஸ்தவருக்குப் பாதி, முஸ்லிமுக்குப் பாதி, இந்த 8 முஸ்லிம் பாதியில சேரும். இஸ்ரேல் 1957-ல தனி மதச் சமூகமா அங்கீகரிச்சது. நாட்டுக்கு நாடு கணக்கு மாறுது.

முரளி: அவங்க வேதம் எது?

மீனா அத்தை: ஞான மடல்கள், மொத்தம் 111. ஆனா பெரும்பாலான ட்ரூஸ் மக்களே படிச்சிருக்க மாட்டாங்க! தீட்சை பெற்ற உக்கால்தான் படிக்கலாம், மத்தவங்க ஜுஹ்ஹால். பெண்களும் உக்கால் ஆகலாம். மது, புகை கூடாது. வியாழன் ராத்திரி கல்வாவுல கூடுவாங்க. கல்வான்னா அலங்காரமே இல்லாத தொழுகை வீடு.

கயல்: இஸ்ரேல் பக்கம்னு சொல்றது?

பெரியப்பா: இஸ்ரேல்ல கலிலி, கார்மெல் பகுதி ட்ரூஸ் ஆண்களுக்கு 1956-லருந்து கட்டாய ராணுவச் சேவை. அது உண்மை. ஆனா 1967-ல சிரியாகிட்டருந்து இஸ்ரேல் பிடிச்ச கோலான்ல, மஜ்தல் ஷம்ஸ் மாதிரி நாலு ஊர்ல, பெரும்பாலானவங்க இஸ்ரேல் குடியுரிமையை மறுத்தாங்க. சிரியாவில 1925-ல பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துக் கிளம்பினவர் ஸுல்தான் அல்-அத்ரஷ், அவரும் ட்ரூஸ்தான். இருக்கற மண்ணோட நிப்பாங்க, அதுவும் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இல்ல.

மீனா அத்தை: அண்ணா, சட்டத்தையும் சொல்லணும், அதுதான் அவங்க அன்றாடம். லெபனானோட 1948 ட்ரூஸ் சட்டப்படி ஒரு மனைவிதான். விவாகரத்து நீதிபதி தீர்ப்புல மட்டும். தீர்ப்பு ஆயிட்டா அதே ரெண்டு பேரும் மறுபடி கல்யாணம் பண்ணிக்கவே முடியாது!

கயல்: சொத்து அத்தை?

மீனா அத்தை: உயில் எழுதினா முழுசையும் யாருக்கு வேணும்னாலும் எழுதலாம், மகளுக்கும் சரி, வெளியாளுக்கும் சரி. உயில் எழுதாம போயிட்டாத்தான் சிக்கல். அப்போ ஹனஃபி முறைப்படி (சுன்னி இஸ்லாமியச் சட்ட முறைகள்ல ஒண்ணு) பங்கு பிரியும், மகனுக்குக் கிடைக்கறதுல பாதிதான் மகளுக்கு.