தொங்குபாலக் கேபிள் ஒரு பக்கம் தொய்கிறது, டேர்ன்பக்கிளை இன்னும் முறுக்கலாமா?

பொகவந்தலாவைப் பையன்:
எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் ஓயாவை, அதாவது ஆற்றைக் கடக்கிற தொங்குபாலம், 24 மீட்டர். பக்கத்துக்கு ஒரு 20 மில்லிமீட்டர் கேபிள். முன்பு நடுவில் 60 சென்டிமீட்டர் தொய்வு இருக்கும். மழைக்குப் பிறகு இடது பக்கம் 70 ஆகிப் பலகை சாய்ந்துவிட்டது. கொழுந்து மூட்டையோடு வருகிறவர்கள் வலது பக்கத்தை ஒட்டியே நடக்கிறார்கள். தோட்டத்தில் சொன்னால் "பார்ப்போம்" என்கிறார்கள். கேபிளை இறுக்குகிற திருகு, அந்த டேர்ன்பக்கிளில் இன்னும் நாலு சுற்று மிச்சம். முறுக்கிவிடவா?

ஹட்டன்காரன்:
பைப்பைச் சொருகி ஒரு முறுக்கு முறுக்கு மச்சான், சரியாகிவிடும்.

வயர் ரோப் அண்ணன்:
தம்பி, பொறு. 60 இருந்த தொய்வு 70 ஆக, கேபிள் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டுக்கொடுத்தாலே போதும். அந்த ஒன்றரை எங்கிருந்து வந்தது? கேபிளைக் கட்டியிருக்கிற கரைக் கொங்கிரீட் கட்டை நகர்ந்ததா, மடித்த கேபிள் நுனியைச் சேர்த்துப் பிடிக்கிற கிளிப் நழுவியதா? அதைப் பார்க்காமல் பைப்பைத் தொடாதே. தொய்வைப் பாதியாக்கினால் இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பு, அவ்வளவும் அந்தக் கட்டைக்குத்தான் போகும். அளப்பதென்றால் விடியற்காலையில், பாலத்தில் ஆள் இல்லாதபோது அள. வெயில் ஏறினால் கேபிள் நீண்டு கணக்கு மாறும்.

பொகவந்தலாவைப் பையன்:
பார்த்துவிட்டேன் அண்ணா. கட்டையில் வெடிப்பு இல்லை, மண்ணும் பிளக்கவில்லை. ஆனால் பாலத்துப் பக்கக் கடைசிக் கிளிப்பை ஒட்டி, கேபிளில் ஒரு விரல் அகலத்துக்குத் துரு இல்லாமல் பளபள என்று இருக்கிறது. மூன்று கிளிப்பில் இரண்டுக்கு யூ வளைவு, பாரம் இழுக்கிற கம்பியின் மேல்.

வயர் ரோப் அண்ணன்:
அந்தப் பளபளப்புதான் உன் ஒன்றரை சென்டிமீட்டர். கிளிப்பைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். தடித்த அடிப்பாகம் பாரக் கம்பியில் உட்கார வேண்டும், யூ வளைவு வாலின் மேல், அதாவது மடித்து வந்த வெட்டு நுனியின் மேல் வர வேண்டும். மாறினால் பாரக் கம்பி நசுங்கும், பிடியும் குறையும். இடைவெளி கேபிள் தடிப்பில் ஆறு மடங்கு, உனக்கு 12 சென்டிமீட்டர்.

நீயே நட்டைக் கழற்றப் போய்விடாதே! செயின் புளொக்கில் (சங்கிலியால் பாரம் இழுக்கிற கருவி) கேபிளைப் பிடித்து வைத்துத்தான் மாற்ற வேண்டும், அது தொழில் தெரிந்தவன் வேலை. நசுங்கின இடத்தையும் அவன் பார்க்கட்டும். பாரம் ஏறினதும் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல், இழுபட்டால் கேபிள் மெலியும். டேர்ன்பக்கிள் ஆட்டத்தில் தானாகக் கழலாமல் கம்பி போட்டுக் கட்ட வேண்டும். அதுவரை பாலத்தை மூடு.

ஹட்டன்காரன்:
பைப் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். எங்கள் பாலத்துக் கிளிப்பையும் இப்போதே போய்ப் பார்க்கிறேன்.

பொகவந்தலாவைப் பையன்:
இரண்டு கரையிலும் குறுக்கே மூங்கில் கட்டிவிட்டோம். கிளிப் போட்டோ தோட்டத்துக்குப் போய்விட்டது. நாளைக்குப் பிள்ளைகள் ரோட்டுப் பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும், 3 கிலோமீட்டர். இப்போதே முணுமுணுக்கிறார்கள்.