'ரீகன்சிலியேஷன்': வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.
வட உகாண்டாவின் அச்சோலி மக்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் துணைவரிகள் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கல்லூரியில் திரையிடல். ஒரு வரிக்கு 36 எழுத்துதான் கொள்ளும். 'ரீகன்சிலியேஷன்' வரும் இடத்தில் 'சமூகம் முன்னெடுக்கும் நல்லிணக்கம்' என்று போட்டிருந்தேன். பார்த்த மாணவி, "எந்தச் சமூகம் சார்?" என்றார். நம்மூரில் சமூகம் என்றால் சாதி என்பது மறந்தே போயிற்று. வேறு சொல் சொல்லுங்கள்.
– சு.

சு. ஐயா,
'ஊர்வழி' போதும். ஆனால் 'நல்லிணக்கம்' வேண்டாம். 2010இல் இலங்கையில் அமைத்த ஆணைக்குழுவின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. இங்கே மட்டக்களப்பில் அதைக் கேட்டால் கூட்டமும் அறிக்கையும்தான் எங்கட சனத்துக்கு நினைவு வரும்.
– யோ.

சு. தம்பிக்கு,
வள்ளுவன் தந்த சொல் இருக்க ஏன் அலைச்சல்? ஒப்புரவு. ஒத்தல், ஒப்பு, ஒப்புதல், ஒப்புரவு. ஒப்பாரியும் இதே குடும்பம்தான். இறந்தவரை இன்னாருக்கு ஒப்பு என்று சொல்லி அழுவது. பகைவர் இருவர் சேர்ந்து அழுதால் அதுவே ஒப்புரவு அல்லவா? 'ஒப்பனை'யையும் இங்கே சேர்க்கலாம். அதை விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.
– புலவர் ந.

புலவர் ஐயா, ஒப்பனைக்கு மடல் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். ஒப்புரவறிதலின் முதல் குறளே 'கைம்மாறு வேண்டா கடப்பாடு', அதாவது திருப்பி எதிர்பாராமல் கொடுப்பது. அச்சோலியில் கைம்மாறு இல்லாமல் கதையே நகராது. கொலை செய்தவன் ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் குலம் முழுவதும் சேர்ந்து ஈடு கொடுக்க வேண்டும். அப்புறம்தான் 'மாத்தோ ஓபுத்'. ஓபுத் மரத்து வேரை இடித்து உள்ளூர் மதுவில் கலந்து ஒரே சுரைக்குடுவையில் வைப்பார்கள். இரு தரப்பும் மண்டியிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து அந்தக் கசப்பைக் குடிக்க வேண்டும். பெயரின் பொருளே 'ஓபுத்தைக் குடித்தல்'. இதில் கொடைக்கு எங்கே இடம்?
– ம.

ஒரு திருத்தம். கத்தோலிக்கர் எங்களுக்கு ஒப்புரவு என்றால் பாவசங்கீர்த்தனம்தான். ஒப்புரவு அருட்சாதனம் என்போம். அங்கேயும் ஒப்புக்கொள்ளுதல் உண்டே. வட உகாண்டாவின் குலு நகரில் பேராயராக இருந்த ஒடாமா, எல்.ஆர்.ஏ. கிளர்ச்சிப்படை கடத்திவிடும் என்று பயந்து இரவில் நகரத்துக்கு நடந்து வந்த பிள்ளைகளோடு 2003இல் தெருவிலேயே படுத்தவர். அவர் படத்தில் பேசினால், அவர் வாயில் 'ஒப்புரவு' நன்றாகவே உட்காரும்.
– அ.

'ஊர்ப் பஞ்சாயத்து' என்று நேராகப் போடலாமே?
– க.

போடலாம், அரங்கம் சிரிக்கும். முன்னால் 'கட்ட' இல்லாமல் அந்தச் சொல்லை இப்போது யார் கேட்கிறார்கள்?
– ம.

சங்கப் புலவர் கோவூர்கிழார் உறையூரில் சோழர்கள் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையில் சமாதானம் பேசினாரே, அதுதான் 'சந்து'. 'ஒருவீர் தோற்பினும் தோற்பநும் குடியே.' சந்து வடமொழி 'சந்தி' என்பாருக்கு நான் விடை வைத்திருக்கிறேன்.
– புலவர் ந.

ஐயா, திரையில் 'சந்து' என்று வந்தால் முட்டுச்சந்து என்று நினைப்பார்கள். – க.

நான் திருநெல்வேலிப் பக்கம். கொலை விழுந்த இரண்டு வீட்டுக்காரர்கள் எங்களூரில் 'அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம்' என்பார்கள். அச்சோலியிலும் சடங்கு முடியும்வரை இரு குலத்துக்கும் சேர்ந்து உண்பது, குடிப்பது, பெண் கொடுப்பது எதுவும் இல்லை என்று படித்தேன். 'கைநனைப்பு' எப்படி?
– செ.

செ. அம்மா, அருமை! ஆனால் எங்கள் பக்கம் பெண் பேசி முடிந்ததும்தான் கை நனைப்போம். யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துவிடுவார்களே. – க.

இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். கடத்தப்பட்டுக் காட்டிலிருந்து திரும்பிய பிள்ளை வாசலில் பச்சை முட்டையை மிதித்து உள்ளே வருவது வேறு சடங்கு. அது வீடு சேர்த்தல். மாத்தோ ஓபுத், கொன்றவன் யார் என்று தெரிந்த கொலைக்கு. எல்.ஆர்.ஏ. செய்த கொலைகளில் பலவற்றுக்கு ஆள் யார் என்றே தெரியாது. 2007இல் இன்றைய தென் சூடானின் ஜுபாவில் உகாண்டா அரசும் எல்.ஆர்.ஏ.வும் கையெழுத்திட்ட உடன்படிக்கை மாத்தோ ஓபுத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. இந்தக் கொலைகளுக்கு அது பொருந்துமா என்ற சண்டை அங்கேயே தீரவில்லை.
– ம.

நண்பர்களே, நாளை மதியம் கோப்பு கொடுக்க வேண்டும். சடங்குகள் அவற்றின் பெயரிலேயே. உடன்படிக்கை வரும் இடத்தில் மட்டும் 'நல்லிணக்கம்' (யோ. மன்னிக்க). மற்ற இடங்களில் 'பகை தீர்த்தல்', தேவைப்பட்டால் முன்னால் 'ஊர்கூடி'. கிழவி ஒருவர் பேசும் காட்சியில் 'இனி அவர்கள் வீட்டில் கை நனைப்பேன்' என்று எழுதிவிட்டேன். அதை மாற்றச் சொல்லாதீர்கள்.
– சு.

சரி தம்பி. ஆனால் பகை தீர்த்தல் என்றால் பழிவாங்கித் தீர்த்துக்கொண்டான் என்றும் பொருள்படும். ஒப்புரவில் அந்தக் கோளாறு கிடையாது. ஒப்பனை மடல் இணைப்பில்.
– புலவர் ந.